ஆசாரி கோலும் அஞ்சு டிராயரும்

எங்கள் வீட்டு ஆசாரத்தில் (கொங்கு வீடுகளில் முன்கூடத்துக்கு அப்படித்தான் பேர்) சுவரோரமாக ஒரு டிராயர் பெட்டி நிற்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து டிராயர். உடம்பு வேப்பமரம், டிராயர்களின் முகம் மட்டும் பூவரசு. 1952-ல், முதல் பொதுத்தேர்தல் நடந்த வருஷம், எங்கள் அப்பாரு உள்ளூர் ஆசாரியை வைத்துச் செய்த பெட்டி. ஊருக்குள் கரண்ட் வராத காலம். அறுத்தது, இழைத்தது, துளை போட்டது எல்லாமே கையால்தான்.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற நண்பர்கள் இதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இந்த மாதிரி வேலையை இப்ப ஏங்க யாரும் செய்யறதில்லை? இப்படி ஒரு கலையை விட்டுட்டாங்களே!" அந்தக் கேள்வியில் ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் மேல் ஒரு மெல்லிய குறை ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குறை நியாயமில்லை என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்ல இந்தப் பெட்டியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பேரைப் பாருங்கள். டிராயர் என்கிறோம். இங்கிலீஷ் சொல். (அரைக்கால் சட்டைக்கும் எங்கள் ஊரில் டிராயர் என்றுதான் பேர். பள்ளிக்கூட வயதில் 'மேசை டிராயரைக் கழட்டு' என்று யாராவது சொன்னால் நாங்கள் சிரித்து உருள்வோம்.) இழுப்பறை என்பது புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட வார்த்தை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதையே லாச்சி என்பார்கள். அது டச்சுச் சொல். 1658-ல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள், அவர்களோடு அந்தச் சொல்லும் இறங்கியது. அலமாரி போர்த்துக்கீசியச் சொல். மேசையும் அப்படியே. ஜன்னலும் சாவியும்கூட அந்த வழியில் வந்தவைதான். பீரோ பிரெஞ்சு. அங்கே எழுதுமேசை, நம்மிடம் வந்து இரும்பு அலமாரி ஆகிவிட்டது.

ஆக, கப்பல் வழி வந்த சாமான்கள் இவை. அதனால் நமக்குத் தச்சுவேலை தெரியாமல் இருந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்கிற இராசராசப் பெருந்தச்சனின் பேர் வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கதை அது. தேர் செய்யத் தெரிந்தவனுக்கு டிராயர் ஒரு பெரிய விஷயமா? ஆனால் தேவை இருக்கவில்லை. தானியம் குதிரிலும் மொடாவிலும் கிடந்தது. உடுத்துகிற துணி கொடிக்கயிற்றில் தொங்கியது. கல்யாணச் சேலையும் பத்திரமும் மூடி வைத்த மரப்பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பெட்டியில் அடியில் இருக்கிற ஒன்றை எடுக்க மேலே இருப்பதை எல்லாம் வெளியே வைக்க வேண்டும். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதே மூடிப்பெட்டிதான். பெட்டியின் அடியில் ஒரு இழுப்பு வைத்துப் பார்த்து, அது இரண்டாகி மூன்றாகி, 17-ம் நூற்றாண்டில்தான் முழுக்க இழுப்பாகவே ஆன பெட்டி அங்கே பரவியது.

எங்கள் அப்பாருவுக்கு அது எதற்கு என்று கேட்டால், காகிதம். பட்டா, கிஸ்தி ரசீது, கடன் பத்திரம், புகையிலை விற்ற சீட்டு என்று நிலத்தோடு காகிதமும் வளர்ந்துவிட்டது. ஏதோ ஒரு வக்கீல் வீட்டில் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து ஆசாரியிடம் கையாலேயே காற்றில் வரைந்து காட்டினாராம்.

தேக்கு ஏன் போடவில்லை என்றும் கேட்பார்கள். தேக்கு எப்போதோ சம்சாரி கைக்கு எட்டாமல் போய்விட்டது. மலைக்காட்டுத் தேக்குக்குக் கப்பல் கட்டுகிறவர்களும் ரயில்காரர்களும் போட்டி போட்டார்கள். மலபார் கலெக்டர் கானலி 1840-களில் நிலம்பூரில் தேக்கை நட்டே வளர்க்க ஆரம்பித்தது அந்தத் தட்டுப்பாட்டினால்தான். பிறகு 1882-ல் மதராஸ் வனச்சட்டம் வந்தது. காடு சர்க்கார் காடானது. சமவெளி ஆசாரிக்கு மிச்சம் இருந்தவை வேலியோர வேம்பு, கிணற்றோரப் பூவரசு, வாகை, கருவேலம்.

வேம்பு நல்ல மரம், ஆனால் முரட்டு மரம். கசப்புக்குப் பூச்சி அவ்வளவாக அண்டாது. ஆனால் அதன் நார் ஒரே திசையில் போகாது, ஒரு அடுக்கு இப்படிச் சாய்ந்தால் அடுத்த அடுக்கு அப்படிச் சாயும். இழைப்புளியை எந்தப் பக்கம் தள்ளினாலும் எங்காவது பிய்த்துக்கொள்ளும். அதனால் இழைப்புளியின் அலகை முடி மழிக்கிற அளவுக்குத் தீட்டி, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாகத்தான் சீவ வேண்டும். ஒரு பலகைக்கு ஒரு நாள் போய்விடும்.

அதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் போயிருக்கிறது. மரத்தைத் தேய்பிறையில் வெட்டினார்கள். வெட்டிய மரத்தைச் சில மாதம் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். அப்புறம் மரம் அறுக்கிறவர்கள் இரண்டு பேர். சாரம் கட்டி அதன்மேல் கட்டையை ஏற்றி, காவியில் நனைத்த நூலைச் சுண்டிக் கோடு போட்டு, மேலே ஒருவர் கீழே ஒருவராக நின்று பெரிய வாளை இழுப்பார்கள். கீழே நிற்கிறவர் கண்ணில்தான் தூள் அத்தனையும் விழும். அறுத்த பலகைகளை நடுவில் குச்சி வைத்து அடுக்கி, மாட்டுக் கொட்டகை நிழலில் ஒரு வருஷம் காய விட்டார்களாம். அவசரப்பட்டுப் பச்சை மரத்தில் செய்தால் டிராயர் முதல் கோடையிலேயே கோணிவிடும்.

ஆசாரிக்கு மேசை கிடையாது. தரையில் உட்கார்ந்து, பலகையைக் கால் விரல்களால் பிடித்துக்கொண்டு வேலை. பெரிய இழைப்புளிக்கு மட்டும் முன்னால் ஒருவர் பிடித்து இழுக்க வேண்டும். அந்த வேலை பத்து வயசு மகனுக்கு. உளி, வாய்ச்சி, துறப்பணம் எல்லாம் பக்கத்துக் கொல்லர் அடித்துக் கொடுத்தவை. ஒரே ஒரு உளி மட்டும் ஷெஃபீல்டு முத்திரை போட்ட சீமை உளி. அதை யாரும் தொடக் கூடாது.

கூடு கட்டுவது அவருக்குப் பழகின வேலை. காலில் துளை, சட்டத்தில் கழுந்து, உள்ளே இறக்கிக் குறுக்கே மூங்கில் ஆணி. வண்டிக்கும் கட்டிலுக்கும் இதேதான். டிராயர்தான் புதுசு. கட்டில் அசையக்கூடாது, டிராயர் தினமும் அசைய வேண்டும். முகப்பலகையைப் பிடித்து இழுக்கும்போது முழுப் பாரமும் மூலையில்தான் விழுகிறது. ஆணி அடித்தால் ஐந்து வருஷத்தில் முகம் மட்டும் கையோடு வந்துவிடும். அதற்காகப் பக்கப்பலகையின் நுனியைப் புறா வால் மாதிரி விரிந்த பற்களாக வெட்டி, முகப்பலகையின் உள்பக்கம் அதே அச்சில் பள்ளம் தோண்டி இறக்குகிறார்கள். இழுக்க இழுக்க இறுகும். முன்னால் இருந்து பார்த்தால் பல் தெரியாது, டிராயரைத் திறந்து பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். எங்கள் பெட்டியில் மேல் டிராயரின் பற்கள் கொஞ்சம் தடித்து, ஒன்றுக்கொன்று அளவு பிசகி இருக்கின்றன. ஐந்தாவதற்கு வரும்போது ஒரு முடி நுழைய இடமில்லை. ஒரே பெட்டிக்குள் ஒரு மனுஷன் புது வேலை கற்றுக்கொண்டதை வரிசையாகப் பார்க்கலாம்.

அடிப்பலகையைக் காடி வெட்டிச் சொருகியதோடு சரி, வஜ்ஜிரம் போட்டு ஒட்டவில்லை. மரம் ஈரத்தில் அகலவாக்கில் ஊதும், நீளவாக்கில் ஊதாது. ஒட்டிவிட்டால் ஊத இடமில்லாமல் வெடிக்கும். டிராயருக்கு மேலேயும் ஒரு நூல் இடம் விட்டிருக்கிறார். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

அளவு என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருஷம் டேப் வைத்து அளந்தேன். அகலம் சரியாக 33 அங்குலம். உயரம் 49½. இதென்ன கணக்கு என்று முதலில் புரியவில்லை. அப்புறம்தான் பொறி தட்டியது. 33 அங்குலம் ஒரு தச்சு முழம். ஆசாரி கோலின் முழு நீளம், 24 விரல். 49½ என்பது ஒன்றரைக் கோல். வக்கீல் வீட்டுச் சாமானை ஆசாரி தன் கோலால் அளந்து செய்திருக்கிறார். வீடும் கோயிலும் அளந்த அதே கோல்.

இப்போது கூலிக்கு வருகிறேன். இதுதான் நண்பர்களுக்குத் தெரியாத பகுதி.

ஊர் ஆசாரிக்கு அன்றாடம் கூலி கிடையாது. கலப்பை செய்வது, கொழுவு தேய்ந்தால் மாட்டிக் கொடுப்பது, வண்டிச் சக்கரம் பார்ப்பது, பாடை கட்டுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒருமுறை களத்தில் தானியம். எங்கள் பக்கம் ஏருக்கு இத்தனை வள்ளம் என்று சோளமோ கம்போ அளப்பார்கள். இது பழைய ஏற்பாடு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற இங்கிலீஷ்காரர் செங்கல்பட்டுச் சீமையில் ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அதில் ஒவ்வொரு ஊரிலும் விளைச்சலில் தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் எவ்வளவு பங்கு என்று எழுதியிருக்கிறது. மேரை, சுதந்திரம் என்ற பேர்களில் அந்தப் பங்குகள் வருகின்றன. காந்தியவாதி தரம்பால் இந்தக் கணக்குகளை எடுத்துக்காட்டி, பழைய கிராமம் எல்லோருக்கும் பங்கு வைத்த கிராமம் என்று எழுதினார். அதில் உண்மை உண்டு. விளையாத வருஷத்தில் ஆசாரி மட்டும் தனியாகப் பட்டினி கிடக்கவில்லை.

ஆனால் களத்தில் தானியம் அளக்கிற மரக்கால் யார் கையில் இருந்தது? எங்களைப் போன்ற வீடுகளின் கையில்தான். அளக்கிற கைக்குக் கோபம் வந்தால் மரக்கால் தலை தட்டும். ஆசாரி அப்பாருவைவிட மூத்தவர். அப்பாரு அவரை "வாப்பா" என்பார். அவர் அப்பாருவிடம் "ங்க" போடாமல் ஒரு சொல் பேசினதில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோதுகூட என்னிடம் "சாப்பிட்டீங்களா தம்பி" என்பார்.

கரூர் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தன் சொந்தப் பேரைச் சொல்லாமல் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு மட்டும் வருகிற ஒரு அரசர் வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்குக் கொடுத்த ஆணை. தச்சர், கொல்லர், கல்தச்சர், கன்னார், தட்டார் எல்லோரும் கம்மாளர்தான். இனி உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், மேளம் கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், உங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்கிறது ஆணை. அரசரிடமிருந்து ஓலை வந்துதான் செருப்புப் போட முடிந்தது என்றால், அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்திருக்கும்? ஊரான் வீட்டுக்கெல்லாம் நிலையும் கதவும் வைத்தவர்களின் சொந்தச் சுவர் பூச்சில்லாமல் நின்றிருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தச் சுவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

டிராயர் பெட்டி ஏர்க்கணக்கில் வராது. கலப்பை கடமை, அதற்கு வள்ளம். இது வேலை, இதற்கு ரொக்கம். ஆசாரி வாய்விட்டுச் சொல்லிவிட்டாராம், அப்பாருவுக்குக் கொஞ்சம் சுருக்கென்றிருந்தது என்று அப்பத்தா சொல்லும். பலகை இழைக்கும்போது பாதி, கைப்பிடி மாட்டினபோது மீதி. அந்தப் பணத்தில் முதல் செலவு மகனுடைய பள்ளிக்கூடத்துச் சட்டையும் சிலேட்டும்.

அடுத்த வருஷமே, 1953-ல், ராஜாஜி ஆட்சியில் புதுக் கல்வித் திட்டம் வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம்தான் பள்ளி. மிச்ச நேரம் தகப்பன் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பேர் வைத்து எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார். இந்த ஏற்பாடு கிராமத்துக்குத்தான் வந்தது, பட்டணத்துப் பிள்ளைகளுக்கு முழுநேரப் பள்ளி தொடர்ந்தது. கைத்தொழில் பழகுவது கெட்டதா என்று கேட்டால் இல்லைதான். யார் பிள்ளை எதைப் பழகுவது என்று யார் முடிவு பண்ணுவது என்பதுதான் சண்டை. ஆசாரி சண்டைக்கெல்லாம் போகிறவர் இல்லை. களத்தில் பேச்சு வந்தபோது ஒன்றே ஒன்று சொன்னாராம்: "எம் பையன் கையில உளியைக் குடுக்கறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறனுங்க. சர்க்காரு குடுக்க வேண்டாமுங்க."

அவர் கொடுக்கவில்லை. பையன் முழுநேரம் படித்தார், சர்க்கார் வேலைக்குப் போனார். ஊரில் டிராக்டர் வந்தது, கலப்பை பரணில் ஏறியது. மரச்சக்கரம் போய் டயர் வண்டி. சீதனத்தில் இரும்பு பீரோ. ஏர்க்கணக்கு வள்ளம் யாரும் அறிவிக்காமலே நின்றது. ஆசாரிக்கு அடுத்து அந்த வீட்டில் உளி பிடித்தவர் யாரும் இல்லை.

இழைப்புளி இழுத்த அந்தப் பையனுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போன ஐப்பசியில் வந்திருந்தார். நாலு நாள் விடாத மழை, கடைசி டிராயர் அசையவே இல்லை. இழைப்புளி போட்டுக் கொஞ்சம் குறைத்துவிடலாமா என்று கேட்டேன். குனிந்து விரலால் மேல் இடைவெளியைத் தடவிப் பார்த்தார். "இழைச்சறாதீங்க தம்பி. அப்புறம் கோடைக்கு லொடலொடங்கும். தை பொறக்கட்டும், தானா வரும்" என்றார்.

தை பிறந்து ஒரு வாரத்தில் வந்துவிட்டது. அடியில் மெழுகுவத்தி தேய்த்து வைத்திருக்கிறேன்.