சுவரில் இருந்த சட்டம்

செங்கல்பட்டிலிருந்து மேற்கே போனால் உத்திரமேரூர். இன்றைக்கு அது காஞ்சிபுரம் மாவட்டம். அன்றைக்குப் பழைய செங்கல்பட்டு மாவட்டம். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்கான விதிமுறைகள். யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, வயது எத்தனை, நிலம் எவ்வளவு... எல்லாம் உண்டு.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்குப் பிடித்த விதி ஒன்று அதில் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் முடியாது! ஆடிட்டர்கள் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

நான் சொல்ல வந்தது விதியைப் பற்றி அல்ல, அது எழுதப்பட்ட இடத்தைப் பற்றி. சட்டம் சுவரில் இருந்தது. வந்தவர் பார்க்கலாம். உறுப்பினர் அட்டை கேட்க ஆள் இல்லை. ஆனால் கோயிலுக்குள் வர முடியாதவருக்கும், எழுத்துத் தெரியாதவருக்கும் அது வெறும் கல்தான். ஆயிரம் வருஷம் கழித்தும் நம் பிரச்னை அதேதான். சட்டம் இருக்கும். அது நம் கைக்கு எட்டுமா?

வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். சட்டம் கல்லிலிருந்து காகிதத்துக்கு மாறியது. 1862-இல் சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியது. 1876-இலிருந்து தீர்ப்புகள் வரிசை வரிசையாகத் தொகுதிகளாக அச்சாகி வந்தன. தோல் அட்டை, தங்க எழுத்து, எல்லாம் ஆங்கிலம். இருந்த இடம், வக்கீல்களின் அலமாரி. வழக்கு நம்முடையது, புத்தகம் அவருடையது!

இதனால் என்ன ஆகும் என்பதற்கு இதே செங்கல்பட்டு சாட்சி. 1891-இல் இங்கே கலெக்டர் பொறுப்பில் இருந்தவர் ட்ரெமென்ஹீர். தாழ்த்தப்பட்ட மக்கள் சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாமல் படும் பாட்டை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் பலனாக 1892-இல் அரசாணை வந்தது. அந்த மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்கிறோமே, அதுதான். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதற்கப்புறமும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம். நல்ல பாதுகாப்பான நிபந்தனை.

ஆனால் நிபந்தனை ஆபீஸ் ஃபைலில் இருந்தது. நிலம் வயலில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கடனுக்கும் கைநாட்டுக்கும் நிலம் கை மாறியது. நூறு வருஷம் கழித்து, 1994 அக்டோபரில், செங்கல்பட்டு வட்டாரத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டு நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. இரண்டு உயிர்கள் போயின. காகிதத்தில் இருந்த ஒரு வரியைக் கண்ணெதிரே கொண்டுவர இவ்வளவு விலை.

இனி இன்னொரு மனிதரைப் பார்ப்போம். சீர்காழியில் பிறந்தவர், கணக்கு வாத்தியார். பெயர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். லண்டன் போய்ப் படித்து வந்தவர், நூலகத்துக்கே ஐந்து விதிகள் வகுத்தார். அவர் சொன்னதன் சாரம் ஒன்றுதான்: புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல, கேட்கிற ஆளின் கைக்குப் போவதற்கு.

நூலகம் தர்மத்தில் நடக்கக் கூடாது, சட்டத்தில் நடக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1930-இலேயே மாதிரிச் சட்டம் ஒன்றை எழுதி வைத்தார். 1933-இல் சென்னை சட்டசபைக்கு மசோதா வந்தது, நிறைவேறவில்லை. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் விடிந்தது. சென்னைப் பொது நூலகச் சட்டம், 1948! சுதந்திர இந்தியாவில் இப்படிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் நாம்தான். 1950 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

காசு எங்கிருந்து? உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. ஆக, நூலகம் இலவசம் இல்லை சார். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். சாப்பிடாமல் பில் மட்டும் கொடுத்துவிட்டு வருகிறோம், அவ்வளவுதான்!

எனக்கு இது உறைத்தது மாமல்லபுரத்தில். தெரிந்த சிற்பி ஒருவர், பட்டறை போட மனை பார்த்தார். புரோக்கர், "இங்க எல்லாரும் கட்டிட்டுத்தான்ணே இருக்காங்க" என்று அட்வான்ஸ் கேட்டார். சிற்பிக்கு மனசு கேட்கவில்லை. "நீ பேப்பர்ல எழுதுறவன்தானே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா" என்றார்.

எனக்கென்ன தெரியும்? கல்லூரியில் வணிகச் சட்டம் படித்ததோடு சரி. இருவரும் ஒரு பொது நூலகத்துக்குப் போனோம். உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை. தொல்லியல் சின்னங்கள் சட்டம், 1958 கிடைத்தது. வரி வரியாகப் பார்த்தேன். நூறு மீட்டர் தடை என்று எங்குமே இல்லை! "வாங்கிடலாம்ணே" என்று சொல்ல வாயெடுத்தேன்.

நூலகர் எட்டிப் பார்த்தார். "சார், புக்கு எந்த வருஷத்துதுன்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். பழைய பதிப்பு. அந்தத் தடை 1992-இல் தனி அறிவிக்கையாக வந்தது. 2010-இல்தான் திருத்தமாகச் சட்டத்துக்குள்ளேயே நுழைந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். அவர் பார்த்த மனை முதல் நூறு மீட்டருக்குள். அட்வான்ஸ் பணம் அவர் பையிலேயே தங்கியது. ஒரு நூலகர் கேட்ட ஒற்றைக் கேள்வி!

அன்று கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன். சட்டப் புத்தகம் தேடும்போது, டூயி முறை நூலகம் என்றால் 340 என்ற எண்ணுக்குப் போங்கள். ரங்கநாதனின் கோலன் முறை என்றால் இசட் என்ற எழுத்து, கடைசி அலமாரி. குறிப்புதவி நூல் என்று முத்திரை இருந்தால் வீட்டுக்குத் தர மாட்டார்கள். கோபப்படாதீர்கள். நீங்கள் எடுத்துப்போனால் அடுத்து வருபவர் வெறுங்கையோடு போவார். வேண்டிய பக்கத்தை நகல் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மற்றவை உறுப்பினருக்கு இரவல். காப்புத்தொகை கட்டினால் போதும், கெடு தேதிக்குள் திருப்பிக் கொடுங்கள். எங்கும் கிடைக்காத நூல் என்றால் எழும்பூர் கன்னிமாரா. 1954-ஆம் வருஷச் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று.

எல்லாவற்றுக்கும் முன்னால் வருஷத்தைப் பாருங்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். எனவே பழைய புத்தகத்தையும் தூக்கிப் போட முடியாது. கடலோரக் கட்டுப்பாடும் அப்படித்தான்: 1991, 2011, 2019 என்று மூன்று அறிவிக்கைகள். மீனவர் கையில் இருப்பது எது என்பதில்தான் அவர் குப்பத்தின் கதை இருக்கிறது.

புத்தகம் படித்தால் வக்கீல் தேவையில்லை என்று சொல்லவில்லை. வக்கீலிடம் என்ன கேட்பது என்பது தெரியும். அதுவே பாதி பலம்.

சட்டம் தெரியாது என்று சொல்லி எந்தக் கோர்ட்டிலும் தப்ப முடியாது. தெரிந்துகொள்ளக் கல்லில் எழுதியவர்கள் போய்விட்டார்கள். நமக்கு இருப்பது அந்தக் கடைசி அலமாரி. தூசியைத் தட்டிவிட்டு ஒரு புத்தகத்தை எடுங்கள். ரூபாய்க்குப் பத்து பைசா கொடுத்திருக்கிறீர்களே!