சிலை வந்தது; சாட்சியம் வந்ததா?

கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் 1982-ஆம் ஆண்டு களவுபோன நடராஜர் திருமேனி, 2019 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலிருந்து தாயகம் திரும்பியது. அந்நாள்களில் ஒரு மாலைப்பொழுதில், வாசுதேவநல்லூர் சிந்தாமணிநாதர் கோயில் பிராகாரத்தில் அமர்ந்து அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நண்பர் ஒருவர் கேட்டார்: 'சாமி வந்துட்டார். கொண்டு போனவன் எங்கே சார்?'

பொருளாதாரம் படித்த எனக்கு உடனே விடை தெரியவில்லை. சட்ட நூல்களைப் புரட்டிய பிறகே, பொருள் திரும்புவதும் குற்றம் மெய்ப்பிக்கப்படுவதும் வெவ்வேறு பாதைகள் என்பது விளங்கிற்று.

2001-இல் அந்தச் சிலையை விலைக்கு வாங்கியது தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள் அது நம் கோயிலுக்கு உரியது என்பதைக் காட்டின; கலைக்கூடமும் சிலையைத் திருப்பியளித்தது. ஆனால், திருடியவர் யார், கப்பலேற்றியவர் யார், பணம் யார் கணக்குக்குப் போனது என்பவற்றை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டுமானால், விற்பனைச் சீட்டும் சுங்க ஆவணமும் வங்கிக் கணக்கும் வேண்டும். அவை இருப்பதோ அயல்நாடுகளில். நம் காவல் ஆய்வாளர் அடிலெய்டுக்கோ நியூயார்க்குக்கோ சென்று ஒருவரை விசாரித்து வாக்குமூலம் பதிவு செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த நாட்டைக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

இப்படிக் கேட்பதற்கான வழி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 166-ஏ என்ற பிரிவாக 1990-இல் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 112-ஆவது பிரிவு. புலனாய்வு அதிகாரியின் மனுவை ஏற்று, நம் குற்றவியல் நீதிமன்றம் அயல்நாட்டு நீதிமன்றத்துக்கோ உரிய அதிகாரிக்கோ வேண்டுகோள் கடிதம் அனுப்பும். அதன்படி வந்து சேரும் வாக்குமூலமும் ஆவணமும் புலன்விசாரணையில் திரட்டிய சாட்சியமாகவே கருதப்படும். இன்டர்போல் வழியாகக் கிடைக்கும் தகவலுக்கு இந்தத் தகுதி இல்லை. அது துப்பு மட்டுமே. 'இன்டர்போலிடம் சொல்லியாயிற்று' என்ற செய்தியைப் படித்து நாம் நிம்மதி அடைவது சற்று அவசரம்தான்.

கடிதத்தின் பயணம் நீண்டது. மனு நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே மத்திய உள்துறை அமைச்சகத்தின் இசைவு பெற வேண்டும். குற்றத்தின் விவரம், சட்டப் பிரிவுகள், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பனவெல்லாம் அதில் துல்லியமாக இருக்க வேண்டும்; தேவையெனில் அந்நாட்டு மொழியில் பெயர்க்கவும் வேண்டும். 'ஏதேனும் கிடைக்குமா பாருங்கள்' என்ற பாணியில் எழுதினால் திரும்பி வந்துவிடும். போஃபர்ஸ் வழக்கில் 1990-இல் ஸ்விட்சர்லாந்துக்குக் கடிதம் போயிற்று. வங்கி ஆவணங்கள் நம் கைக்கு வந்தது 1997 ஜனவரியில். கணக்கு வைத்திருந்தோர் அங்குள்ள நீதிமன்றங்களில் தொடுத்த மேல்முறையீடுகளே அந்த ஏழு ஆண்டுகளில் பெரும்பகுதியை விழுங்கின.

ஒப்பந்தம் இருந்தால் பாதை சற்றுச் சுருங்கும். பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தத்தில் அமெரிக்காவுடன் 2001-இலும் ஆஸ்திரேலியாவுடன் 2008-இலும் இந்தியா கையெழுத்திட்டது. ஜெர்மனியுடன் 2024 அக்டோபரில்தான். ஆளைக் கேட்டுப் பெறும் ஒப்பந்தம் ஜெர்மனியுடன் முன்பே இருந்ததால், 2011 அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிடிபட்ட சிலை வணிகர் சுபாஷ் கபூர் 2012 ஜூலையில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். ஒன்பது மாதங்களில் ஆள் வந்தார். அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் பகுதிக் கோயில் களவு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது 2022 நவம்பரில். காரணங்கள் பல இருக்கலாம். ஆனால், ஆளைப் பெறுவதைவிட வழக்கை நிறுவுவது எவ்வளவு நீண்ட வேலை என்பதற்கு இந்த இடைவெளியே சான்று.

அயல்நாடுகளின் மெத்தனத்தைக் குறைகூறுவது நமக்கு எளிது. என் கவலை அதுவன்று. வேண்டுகோள் கடிதம் எத்தனை முத்திரைகளோடு போனாலும், அதன் வேர் உள்ளூர்க் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையில்தான் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி வழக்கே, துப்புத் துலங்கவில்லை என்று ஒருகாலத்தில் முடித்துவைக்கப்பட்டதுதான். அன்று அந்தப் புகைப்படங்கள் வழக்குக் கோப்பில் இருந்திருந்தால், 2001-இல் அந்தக் கலைக்கூடம் விலை பேசும்முன் ஒருமுறையேனும் தயங்கியிருக்கக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்துச் சிறு கோயில் ஒன்றின் சொத்துப் பதிவேட்டைப் பார்க்க நேர்ந்தது. 'உலோகத் திருமேனி - 1' என்று எழுதியிருந்தது. உயரம் இல்லை, எடை இல்லை, படம் இல்லை. எந்தத் தெய்வம் என்றுகூட இல்லை. நாளை அது காணாமற்போனால், எந்தச் சிலையைத் தேடித் தருமாறு எந்த நாட்டுக்கு எழுதுவது என்று அர்ச்சகரிடம் கேட்டேன். அவர் கருவறைப் பக்கம் திரும்பி, 'நான் பார்த்தா அடையாளம் சொல்லிடுவேன் சார்' என்றார். அவருக்கு அப்போது வயது எழுபத்தெட்டு.