மெல்லிய பிடிப்பு

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லியை அடுத்துள்ள மாங்காடு, ஒரு காலத்தில் மாமரங்கள் அடர்ந்த காடாக இருந்தமையால் அப்பெயர் பெற்றது என்பர். மழை ஓய்ந்தபின் மாவிலையின் நுனியில் ஒரு நீர்த்துளி தொங்கி நிற்பதை அவ்வூரார் எத்தனையோ முறை கண்டிருப்பர். அத்துளி சிதறாமல் திரண்டு நிற்பது ஏன்? நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மெல்ல ஈர்த்துக்கொண்டிருப்பதே காரணம். இந்த மெல்லிய ஈர்ப்பைப் பற்றிய ஆராய்ச்சி வரலாற்றில், மாங்காட்டிலிருந்து சில கல் தொலைவே உள்ள கிண்டிக்கும் சிறப்பான இடம் உண்டு.

வாயுக்களின் மூலக்கூறுகளுக்குப் பருமன் உண்டு, அவற்றினிடையே கவர்ச்சியும் உண்டு என்பதை 1873-இல் எடுத்துரைத்தவர் ஹாலந்து நாட்டு வான் டெர் வால்ஸ். 1910-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மின்னேற்றம் இல்லாத அணுக்களும் ஒன்றையொன்று கவர்வது எவ்வாறு என்பதை 1930-இல் லண்டன் என்னும் அறிஞர் விளக்கினார். நீரில் இதனினும் சற்று வலிய ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு. எனினும், நீர் மூலக்கூற்றினுள் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் கொண்டுள்ள பிணைப்பை நோக்க, அதன் வலிமை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே. இவ்வீர்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கினால் ஈர்ப்பு மறைந்து, விலக்கம் தலைதூக்கும்.

சர் சி. வி. இராமனின் மாணவரான ஜி. என். இராமச்சந்திரன், 1952-இல், தமது முப்பதாம் வயதில், சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகப் பேராசிரியரானார். சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் பெர்னல், கொல்லாஜென் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் கூறினார். நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது அப்புரதமே. அண்டையிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, 1954-இல் மூன்று இழைகள் கொண்ட அமைப்பை வெளியிட்டனர். அவ்விழைகள் கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்கின்றன என்று 1955-இல் அதனைத் திருத்தி உரைத்தனர். இழைகளை இணைத்து நிறுத்துவதில் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குப் பெரும் பங்குண்டு.

அவ்வாண்டே இங்கிலாந்திலிருந்து ரிச், கிரிக் இருவரும் மறுப்புரைத்தனர். சென்னை அமைப்பில் சில அணுக்கள் இயற்கை அனுமதிக்கும் அளவினும் மிக நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் வாதம். மும்மூன்று அலகுகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னையார் கூற, ஒன்றே என்றனர் அவர்கள். பிற்கால ஆராய்ச்சி ஒன்று என்பதையே உறுதிப்படுத்தியது. முறுக்கிய மூவிழை என்னும் அடிப்படையோ இன்றளவும் நிலைத்து நிற்கிறது.

இராமச்சந்திரன் அந்த மறுப்பைப் பகையாகக் கொள்ளவில்லை. ஆராயத்தக்க கேள்வியாகவே கொண்டார். 'அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்?' அதற்கு விடை காண, அதுவரை தெரிந்திருந்த படிகங்களின் அளவுகளையெல்லாம் திரட்டினார். பிணைப்பில்லாத இரு கரி அணுக்கள் சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராம் வரை நெருங்கலாம் என வரையறுக்கப்பட்டது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. பிறகு, புரதச் சங்கிலியின் ஒவ்வோர் அலகிலும் திரும்பக்கூடிய இரு மூட்டுகளை எக்கோணங்களில் திருப்பினால் அணுக்கள் மோதாமல் இருக்கும் என்று, இராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடனும் சேர்ந்து கணக்கிட்டார். 1963-இல் வெளிவந்த அந்தப் படத்தில், இடம் உள்ள கோணங்கள் சில தீவுகளாகவும், இடமில்லாதவை பரந்த வெளியாகவும் காட்சியளித்தன.

இன்று உலகின் எம்மூலையில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், இராமச்சந்திரன் படத்தில் வைத்து அதனைச் சரிபார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவர் 2001-இல் மறைந்தார். ஒரு பிணைப்பைத் தனியே எடுத்தால் அது எளிதில் அறுந்துவிடும்; எண்ணற்றவை கூடும்போதோ, உடலைத் தாங்கும் கயிறாகின்றன. அந்தக் கயிற்றை ஆராயப் புகுந்து, அணுக்களுக்கிடையே இருக்க வேண்டிய இடைவெளியையும் அளந்து காட்டியது சென்னை ஆராய்ச்சியின் பெருமையாகும்.