பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களும் பயிற்சியாளரும்

ஓட்டப் பயிற்சியாளர் என்பவர் நெடுங்காலம் போட்டி வீரர்களுக்கே உரியவராக இருந்தார். நடுவயதில் ஓடத் தொடங்கிய சாமானியருக்கும் அவருடைய வழிகாட்டல் கிடைக்கும் நிலை 1960களில் நியூசிலாந்தில் உருவானது.

ஆக்லாந்தைச் சேர்ந்த ஆர்தர் லிடியார்டின் மாணவர்களான பீட்டர் ஸ்னெல், மரே ஹால்பர்க் இருவரும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றனர். நீண்ட தூரத்தை நிதானமாக ஓடி அடித்தளம் அமைத்து, வேகப் பயிற்சியைப் பின்னர் சேர்ப்பதே அவரது முறை. இதன் மெதுவான வடிவத்தை அவர் நடுத்தர வயதினருக்கும் இதய நோயிலிருந்து மீண்டவர்களுக்கும் கற்பித்தார். பேச்சு தடைபடாத வேகத்தில் ஓடுவதே அதன் அளவுகோல்.

1962 இறுதியில் நியூசிலாந்து சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், லிடியார்டின் மெல்லோட்டக் குழுவுடன் ஓடித் திணறினார். ஊர் திரும்பியதும் ஓரிகனின் யூஜீன் நகரில் பொதுமக்களுக்கு வகுப்பு தொடங்கினார். இதய மருத்துவர் வால்டோ ஹாரிசுடன் அவர் எழுதிய ‘ஜாகிங்’ நூல் பல லட்சம் பிரதிகள் விற்றது.

1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் ஃபிராங்க் ஷார்ட்டர் வென்றபின் அமெரிக்காவில் ஓட்ட ஆர்வம் பெருகியது. அதே ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கேலோவே, ஓட்டத்தின் இடையிடையே நடக்கும் முறையைப் புதியவர்களிடையே பரப்பினார். 1988இல் தொடங்கிய ‘டீம் இன் டிரெய்னிங்’, ரத்தப் புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டுவோருக்குப் பயிற்சியாளரையும் அளித்தது. பின்னர் இணையம் வந்ததால், வேறு ஊரில் உள்ள பயிற்சியாளரையும் மாதக் கட்டணத்தில் அமர்த்திக்கொள்ள முடிந்தது.