நவீன பரிணாமத் தொகுப்பு

நவீன பரிணாமத் தொகுப்பு என்பது சார்லஸ் டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கையும் கிரிகோர் மெண்டலின் மரபியல் விதிகளும் ஒரே கோட்பாடாக இணைக்கப்பட்டதைக் குறிக்கும். இவ்விணைப்பு ஏறத்தாழ 1918 முதல் 1950 வரையான காலப்பகுதியில் நிகழ்ந்தது. ஜூலியன் ஹக்ஸ்லி 1942 இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலிருந்து இப்பெயர் வந்தது. பரிணாமம் என்பதைப் படிவளர்ச்சி என்றும், இலங்கைப் பாடநூல்களில் கூர்ப்பு என்றும் வழங்குவர்.

டார்வினின் உயிரினங்களின் தோற்றம் 1859 இலும் மெண்டலின் கட்டுரை 1866 இலும் வெளிவந்தன. இடைவெளி ஏழே ஆண்டுகள். ஆயினும் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும் என்பது அறிவியலாளர்க்குப் புலப்பட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இடையில், இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்றே பலர் வாதிட்டனர். பாடநூல்களில் டார்வின் ஒரு பாடத்திலும் மெண்டல் வேறொரு பாடத்திலும் வருவதால் இவ்வரலாறு பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

டார்வினின் கொள்கையில் இருந்த குறை

இயற்கைத் தேர்வு நிகழ மூன்று நிபந்தனைகள் வேண்டும். ஓர் இனத்தின் உயிரிகளிடையே வேறுபாடுகள் இருக்கவேண்டும்; அவ்வேறுபாடுகள் பிழைப்பதற்கும் இனம் பெருக்குவதற்கும் உதவவோ தடுக்கவோ வேண்டும்; அவை அடுத்த தலைமுறைக்குச் செல்லவேண்டும். முதல் இரண்டுக்கும் டார்வின் ஏராளமான சான்றுகளைத் திரட்டினார். மூன்றாவது எவ்வாறு நடைபெறுகிறது என்பது அவருக்குத் தெரியாது. அக்காலத்தில் எவருக்குமே தெரியாது.

பெற்றோரின் பண்புகள் இரு வண்ணக் குழம்புகள் போலப் பிள்ளையில் கலந்துவிடுகின்றன என்பதே அன்றைய பொதுக் கருத்து. இது கலப்பு மரபுரிமை எனப்படும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பொறியாளரான ஃபிளீமிங் ஜென்கின் 1867 இல் எழுதிய நூல் மதிப்புரை ஒன்றில் இக்கருத்தின் விளைவைச் சுட்டிக்காட்டினார். பயனுள்ள புதிய பண்பு ஒரே ஓர் உயிரியில் தோன்றுவதாகக் கொள்வோம். அது அப்பண்பு இல்லாத துணையுடன் சேர்ந்தால் பிள்ளையில் பண்பு பாதியாகும், பேரப்பிள்ளையில் கால்பங்கு, பத்தாம் தலைமுறையில் 1024 இல் ஒரு பங்கு. இயற்கை தேர்ந்தெடுக்கும் முன்னரே பண்பு கரைந்துவிடும். கடலடித் தந்திக் கம்பிகளில் வலுவிழக்கும் குறிப்பலைகளுடன் பணியாற்றிய ஒருவருக்கு இக்குறை கண்ணில் பட்டது பொருத்தமே. டார்வின் இதனை எளிதாக ஒதுக்கவில்லை. தனியொரு உயிரியில் தோன்றும் அரிய மாற்றங்கள் நிலைப்பது கடினம் என்பதை ஏற்று, 1869 இல் வந்த ஐந்தாம் பதிப்பில் திருத்தங்கள் செய்தார்.

1868 இல் டார்வின் தாமே ஒரு மரபுரிமைக் கருதுகோளை முன்வைத்தார். உடலின் ஒவ்வொரு பகுதியும் நுண்துகள்களை வெளியிடுகிறது என்றும் அவை இனப்பெருக்க உறுப்புகளில் திரளுகின்றன என்றும் அது கூறியது. அவருடைய உறவினர் ஃபிரான்சிஸ் கால்ட்டன் முயல்களிடையே குருதியை மாற்றிச் செலுத்தி இதனைச் சோதித்தார். முயற்குட்டிகளில் மாற்றம் ஏதும் தோன்றவில்லை. 1871 இல் அம்முடிவை வெளியிட்டார். துகள்கள் குருதியில் செல்வதாகத் தாம் எழுதவில்லை என்பது டார்வினின் மறுமொழி.

கருதுகோள் வெளிவந்த அதே நூலில், டார்வின் இருவகை ஸ்னாப்டிராகன் பூச்செடிகளைக் கலந்து இரண்டாம் தலைமுறையில் பெற்ற 127 செடிகளின் கணக்கைத் தந்துள்ளார். 88 இயல்பானவை, 37 மற்ற வகை, 2 இடைப்பட்டவை. இது மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்கு அருகில் உள்ளது. விடை அவர் மேசையிலேயே இருந்தும் அவர் அதை விகிதமாகப் பார்க்கவில்லை.

மெண்டல்

மெண்டல் ஆஸ்திரியப் பேரரசின் புருன் நகரிலிருந்த (இன்று செக் குடியரசின் பிர்னோ) அகஸ்தீனிய மடத்துத் துறவி. வியன்னா பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் கணிதமும் பயின்றவர். 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடியின் ஏழு பண்புகளை ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் உருண்டை விதைகளே கிடைத்தன. இரண்டாம் தலைமுறையில் 5474 உருண்டை விதைகளும் 1850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. விகிதம் 2.96 : 1.

முதல் தலைமுறையில் மறைந்த சுருக்கம், இரண்டாம் தலைமுறையில் சற்றும் குறையாமல் மீண்டது என்பதே இங்கு முதன்மையான செய்தி. பண்பைத் தாங்கும் காரணிகள் கலப்பதில்லை. ஒன்று மற்றொன்றை மறைக்கலாம், ஆனால் கரைக்காது. ஜென்கினின் வாதத்துக்கு இதுவே விடை. அதுவும் அவ்வாதம் எழுதப்படுவதற்கு முந்தைய ஆண்டே அச்சாகியிருந்தது.

மெண்டல் டார்வினின் நூலை செருமானிய மொழிபெயர்ப்பில் படித்துக் குறியிட்டுள்ளார். டார்வின் மெண்டலின் கட்டுரையைப் படித்ததற்குச் சான்று இல்லை. டார்வினின் நூலகத்தில் அக்கட்டுரை பக்கங்கள் வெட்டப்படாமல் கிடந்தது என்று பரவலாகச் சொல்லப்படும் கதைக்கு ஆதாரம் இல்லை. 1868 இல் மடத்தின் தலைவரான மெண்டல் 1884 இல் காலமானார்.

1900 - 1918: இரு அணிகள்

1900 இல் ஹியூகோ டி விரீஸ், கார்ல் கோரன்ஸ், எரிக் வான் செர்மாக் ஆகியோர் மெண்டலின் விதிகளை மீண்டும் வெளிக்கொணர்ந்தனர். இதனால் டார்வினின் கொள்கை வலுப்பெற்றிருக்கவேண்டும். நடந்ததோ வேறு. உருண்டை, சுருக்கம் என்பன போன்ற திட்டவட்டமான வேறுபாடுகளையே மெண்டலின் விதிகள் விளக்கின. எனவே பரிணாமமும் பெருந்தாவல்களாகவே நிகழ்கிறது என்று டி விரீஸும் இங்கிலாந்தில் வில்லியம் பேட்சனும் கருதினர். மரபியல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை 1905 இல் ஆக்கியவர் பேட்சனே.

எதிரணியில் கார்ல் பியர்சனும் வெல்டனும் இருந்தனர். உயரம், எடை போன்ற பண்புகள் படிப்படியாக, தொடர்ச்சியாக வேறுபடுவதை அளந்து புள்ளியியல் முறையில் ஆராய்ந்த இவர்கள், டார்வின் கூறிய மெதுவான மாற்றத்தை ஏற்று, மெண்டலை ஐயுற்றனர். பூசல் தனிப்பட்ட பகையாகவே மாறியது. இரு அணியும் பாதி சரி. இரு அணியும் எதிரணியின் சரியான பாதியையே மறுத்தன.

பூசல் ஓயுமுன்னரே தீர்வின் கூறுகள் வரத்தொடங்கின. சுவீடனின் நில்சன்-எலே, கோதுமை மணியின் செந்நிறத்தை மூன்று மரபணு இணைகள் சேர்ந்து முடிவுசெய்வதையும், அதனால் வெண்மணி 64 இல் ஒன்றாகவே தோன்றுவதையும் காட்டினார். மரபணுக்கள் பலவானால் படிகள் நெருங்கித் தொடர்ச்சி போலத் தோன்றும். 1908 இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டியும் செருமனியின் வைன்பர்க்கும் தனித்தனியே ஒரு சமன்பாட்டைக் கண்டனர். தேர்வு முதலிய புறக்காரணங்கள் இல்லையெனில் மரபணு வகைகளின் வீதம் தலைமுறைதோறும் மாறாது என்பது அதன் பொருள். பின்னாளில் இராமானுசனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தவரும் இதே ஹார்டிதான். 1910 முதல் தாமஸ் ஹண்ட் மார்கன் பழ ஈக்களை ஆராய்ந்து, மரபணுக்கள் நிறப்புரிகளில் அமைந்துள்ளன என்று நிறுவினார்.

கணித இணைப்பு

ரொனால்ட் ஃபிஷர் 1918 இல் எடின்பரோ வேந்தியக் கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரையே திருப்புமுனை. இலண்டன் வேந்தியக் கழகத்துக்கு முன்னர் அனுப்பப்பட்டபோது அதனை ஆய்ந்தவர்கள் இரு அணிகளையும் சேர்ந்த பியர்சனும் பன்னட்டும்; இருவருமே தயக்கம் தெரிவித்தனர். சிறு விளைவுடைய பல மெண்டலிய மரபணுக்கள் சேர்ந்தால், பியர்சன் அளந்த தொடர்ச்சியான வேறுபாடும் உறவினரிடையே காணப்படும் ஒப்புமையும் தாமே கிடைக்கும் என்று ஃபிஷர் காட்டினார். அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் குறிக்கும் பரவற்படி என்ற கருத்துக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரும் இக்கட்டுரையில்தான் இடப்பட்டது. கலப்பு மரபுரிமையில் இச்சிதறல் ஒவ்வொரு தலைமுறையும் பாதியாகக் குறையும். மெண்டலிய மரபுரிமையில் அது காக்கப்படும்.

ஹால்டேன் 1924 முதல் எழுதிய கட்டுரைகளில் தேர்வின் வேகத்தைக் கணக்கிட்டார். மான்செஸ்டர் பகுதியில் 1848 இல் அரிதாயிருந்த கரிய அந்துப்பூச்சி, நூற்றாண்டின் முடிவில் வெளிர்நிற வகையை ஏறக்குறைய முற்றிலும் நீக்கிவிட்டது. இதற்குக் கரிய பூச்சி ஒன்றரை மடங்கு வழித்தோன்றல்களை விட்டிருக்கவேண்டும் என்றார். ஹால்டேன் 1957 இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றினார். 1964 இல் புவனேசுவரத்தில் காலமானார். அமெரிக்காவின் சீவால் ரைட், சிறு தொகைகளில் தற்செயலாலேயே மரபணு வீதங்கள் மாறுவதை 1931 இல் விளக்கினார். இது மரபணு நகர்வு எனப்படும்.

இக்கணக்குகளைக் களத்துக்குக் கொண்டுவந்தவர் உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய டாப்ஷான்ஸ்கி. 1937 இல் வெளிவந்த அவரது நூலையடுத்து மயர் (1942), சிம்ப்சன் (1944), ஸ்டெபின்ஸ் (1950) ஆகியோர் முறையே விலங்கு வகைப்பாடு, புதைபடிவங்கள், தாவரங்கள் ஆகிய துறைகளை இத்தொகுப்பினுள் இணைத்தனர்.

சோவியத் ஒன்றியத்தில்

இயற்கையில் வாழும் பழ ஈக்களிடையே மறைந்திருக்கும் மரபு வேறுபாடுகளை 1926 இலேயே ஆராய்ந்த செட்வெரிக்கோவ் 1929 இல் கைது செய்யப்பட்டார். பயிர்களின் தாயகங்களைத் தேடி உலகெங்கும் விதை திரட்டிய நிக்கொலாய் வாவிலோவ் 1940 இல் கைதாகி 1943 இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். வாழ்நாளில் பெற்ற பண்புகள் பயிர்களில் மரபாகும் என்று வாதிட்ட லைசென்கோவுக்கு ஸ்டாலினின் ஆதரவு இருந்தது. 1948 ஆகஸ்டில் கூடிய வேளாண் கழகக் கூட்டத்துக்குப் பின் மெண்டலிய மரபியல் கற்பிப்பது அங்கு நின்றது. 1960களின் நடுப்பகுதியிலேயே இந்நிலை மாறியது.

பின்னைய வளர்ச்சி

1944 இல் ஏவரி குழுவினர் மரபுப்பொருள் டி.என்.ஏ. என்று காட்டினர், 1953 இல் வாட்சனும் கிரிக்கும் அதன் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டனர். 1954 இல் அந்தோனி அலிசன், கதிர் அரிவாள் உயிரணு மரபணுவின் ஒரு படி மட்டும் உடையோருக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு உள்ளதைக் காட்டினார். இரு படிகள் இருந்தால் கடும் நோய். தீங்கான மரபணு அழியாமல் நிற்பதற்கு மனிதரிடத்தே கிடைத்த தெளிவான சான்று இது. இந்தியாவில் இம்மரபணு முதன்முதலில் 1952 இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே அறியப்பட்டது.

தேர்வுக்குத் தொகுப்பாளர்கள் அளித்த முதன்மையை மோட்டூ கிமுரா 1968 இல் கேள்விக்குள்ளாக்கினார். மூலக்கூறு அளவில் நிலைபெறும் மாற்றங்களுட் பெரும்பாலானவை நன்மையோ தீமையோ செய்யாதவை என்றும், அவை நிலைபெறுவது ரைட் விளக்கிய மரபணு நகர்வாலேயே என்றும் அவர் முன்வைத்த கொள்கை நடுநிலைக் கொள்கை எனப்படுகிறது.