பறங்கிப்பேட்டை இரும்பும் ஷெபீல்டு வழக்கும்

கடலூரிலிருந்து சிதம்பரம் நோக்கி இரயிலில் செல்வோர், வெள்ளாற்றுப் பாலத்தைக் கடக்குமுன் ஒரு சிறு நிலையத்தைக் காண்பர். அதுவே பறங்கிப்பேட்டை. போர்த்துக்கீசியர் இதைப் 'போர்ட்டோ நோவோ' என்றனர். அதற்குப் 'புதிய துறைமுகம்' என்பது பொருள். நம் முன்னோர் 'மஹ்மூது பந்தர்' என்று வழங்கினர். 1781 ஜூலை முதல் நாள் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் மோதிய களம் இதுவென வரலாற்றுப் பாடத்தில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஆனால், அப்போருக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் இதே மண்ணில் வேறொரு முயற்சி தொடங்கி, அதன் தொடர்ச்சி இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை சென்று வழக்காடப்பட்டதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அறிவு யாருக்குச் சொந்தம், அதைக் கண்டவனுக்கு உரிய பங்கு எது என்ற வினாக்கள் மீண்டும் எழுந்துள்ள இந்நாளில் அவ்வரலாற்றை நினைவுகூர்வது பயனுள்ளதாகும்.

ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் அலுவலராக இருந்தவர். சேலம் பகுதியின் வளமான இரும்புத் தாதும், சிற்றூர்க் கொல்லர்கள் சிறு களிமண் உலைகளில் அதை உருக்கும் திறனும் அவர் கருத்தைக் கவர்ந்தன. பதவியைத் துறந்தார், ஐரோப்பிய முறையில் பெருமளவில் இரும்பு செய்யும் தனியுரிமையைக் கம்பெனியிடம் பெற்றார். கடனும் பெற்றார். 1830இல் பறங்கிப்பேட்டையில் ஊதுலைகள் எழுந்தன. சேலத்துத் தாது பரிசல்களில் ஏற்றப்பட்டுக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் மிதந்து வந்தது. உலைக்கு வேண்டிய மரக்கரியைத் தென்னார்க்காட்டுக் காடுகள் தந்தன. உருக்கி வார்த்த இரும்புப் பாளங்கள் கப்பலேறி, எஃகுத் தொழிலின் தலைநகராகிய ஷெபீல்டு வரை சென்றன. மலையாளக் கரையில் பேப்பூரிலும் பின்னர் ஓர் ஆலை எழுந்தது.

இவ்விடத்தில் நாம் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஹீத் வந்து கற்பித்ததால் நம்மவர் இரும்பை அறிந்தாரல்லர். ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றழைத்த எஃகு, நம் 'உருக்கு' என்ற சொல்லோடும் கன்னடத்து 'உக்கு' என்ற சொல்லோடும் உறவுடையது. கொங்கு நாட்டுக் கொடுமணலில் பழங்கால உலைகளின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அரபு மொழியில் வாளைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று 'முஹன்னத்' என்பது. இந்திய எஃகில் ஆனது என்பதே அதன் பொருள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்-கிந்தி, வாள்களின் வகைகளைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீபு எனும் இலங்கை எஃகையும் குறிப்பிடுகிறார். நம் கடற்கரை மரக்கலங்களுக்கும் அரபு நாட்டுப் பட்டறைகளுக்கும் இடையே இருந்த உறவுக்கு இச்சொற்களே சான்று.

1795இல் ஜார்ஜ் பியர்சன் என்ற அறிஞர் இவ்வெஃகை ஆராய்ந்து இலண்டன் இராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். மின்னியல் மேதை மைக்கேல் பாரடே கூட, தம் இளமையில் ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்பவரோடு சேர்ந்து இதன் இரகசியத்தை அறிய முயன்றார். ஹீத்தோ இதனை ஊரிலேயே கண்டவர். இந்திய இரும்பையும் எஃகையும் பற்றி 1839இல் இராயல் ஆசியச் சங்கத்தின் இதழில் வெளியான அவரது கட்டுரை, நம் கொல்லர்களின் முறையை விரிவாகச் சொல்கிறது. தேனிரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையில் இட்டு, எடையில் பத்திலொரு பங்கு உலர்ந்த ஆவாரம் சுள்ளிகளை நறுக்கிச் சேர்த்து, மேலே எருக்கிலை ஒன்றிரண்டை மூடி, களிமண்ணால் வாயை அடைத்துத் துருத்தி கொண்டு ஊதுவர்.

அடுத்து அவர் கூறுவதுதான் நம் சிந்தனைக்கு உரியது. இங்கிலாந்தில் இரண்டு முறைகளுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. ஒன்று, மூசையில் இரும்போடு கரிப்பொருளைச் சேர்த்து உருக்கும் முறை. 1800இல் டேவிட் மஷெட் பெற்றது. மற்றொன்று, கரியும் நீரகமும் கலந்த வாயுவில் இரும்பைக் காய்ச்சும் முறை. மழைச் சட்டையால் பெயர் பெற்ற சார்லஸ் மெக்கின்டாஷ் 1825இல் பெற்றது. இவ்விரண்டின் தத்துவமும் இந்தியக் கொல்லனின் ஒரே மூசைக்குள் அடங்கியிருக்கிறது என்கிறார் ஹீத். காய்ந்த சுள்ளி கரியைத் தருகிறது. பச்சை இலையும் சுள்ளியும் வெந்து வாயுவைத் தருகின்றன. சேலத்துக் கொல்லன் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்ததற்கு இங்கிலாந்தில் உரிமைப் பத்திரம் எழுதப்பட்டது! அவன் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஏன்? அவன் அறிவு கையில் இருந்தது, ஏட்டில் இல்லை. தந்தையிடமிருந்து மகனுக்குப் போயிற்று; ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

எழுதாதவன் கதை இது. எழுதியவன் கதையையும் காண்போம்.

இங்கிலாந்து திரும்பிய ஹீத், 1839 ஏப்ரலில் தாமே ஒரு காப்புரிமை பெற்றார். எஃகு உருக்கும் மூசையில், கரியோடு கூடிய மாங்கனீசுச் சேர்மத்தை, நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை இடுவதே அவர் கண்ட வழி. அதுவரை நல்ல எஃகுக்கு விலையுயர்ந்த சுவீடன் நாட்டு இரும்பே வேண்டியிருந்தது. இம்முறையால் உள்நாட்டு இரும்பிலிருந்தே நல்ல எஃகு கிடைத்தது; அதை இரும்போடு பற்றவைக்கவும் முடிந்தது. கத்தி செய்வோர்க்கு இது பெரும் பேறு. விலை வெகுவாக இறங்கியது. ஷெபீல்டு செழித்தது.

ஆனால் ஹீத் செழிக்கவில்லை. ஷெபீல்டில் அவரது முகவராக இருந்த அன்வின் என்பவர் ஒரு குறுக்கு வழி கண்டார். கரியோடு கூடிய மாங்கனீசை முன்னதாகவே தயாரித்து மூசையில் இடவேண்டும் என்றல்லவா பத்திரம் சொல்கிறது? அவரோ மாங்கனீசுத் தாதையும் கரிப்பொருளையும் தனித்தனியே மூசையில் இட்டார். சூட்டில் இரண்டும் கூடி ஹீத் சொன்ன அதே பொருளாகின, செலவோ குறைவு. "பத்திரத்தில் எழுதியதை யான் செய்யவில்லையே" என்பது அன்வின் தரப்பின் வாதம். வழக்கு மன்றம் விட்டு மன்றம் ஏறிற்று. தீர்ப்புகள் மாறி மாறி வந்தன. 1855இல் பிரபுக்கள் சபை, உரிமை மீறல் இல்லை என்று முடிவாகக் கூறியது. காப்புரிமை பெற்ற நாளில் இவ்விரண்டு வழியும் ஒன்றே என்பது அறியப்படவில்லை. அறியாததற்கு உரிமை கோர இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அதைக் கேட்க ஹீத் உயிரோடு இல்லை.

இதோடும் முடியவில்லை. 1856இல் பெசமர் தம் புகழ்பெற்ற எஃகு முறையை அறிவித்தார். அதன் குறையைத் தீர்த்ததும் மாங்கனீசே. அதைக் கண்டு காப்புரிமை பெற்றவர், முன்னே சொன்ன டேவிட் மஷெட்டின் மகன் இராபர்ட் மஷெட். 1859இல் செலுத்த வேண்டிய ஐம்பது பவுன் முத்திரைக் கட்டணம் செலுத்தப்படாமையால் அவ்வுரிமை காலாவதியாயிற்று. பெசமர் செல்வரானார், மஷெட்டுக்குப் பின்னாளில் அவரிடமிருந்து ஓர் ஓய்வூதியமே கிடைத்தது. எழுதினால் மட்டும் போதாது; குறைவற எழுதவேண்டும், எழுதியதைக் காக்கவும் வேண்டும்.

பறங்கிப்பேட்டை ஆலை என்னவாயிற்று? 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புதிய நிறுவனம் பொறுப்பேற்றது. எனினும் உலைகள் நெடுநாள் நிலைக்கவில்லை. 1870களில் அந்நிறுவனமே கலைந்தது. காரணங்கள் பல. அவற்றுள் தலையாயது மரக்கரி. அண்மைக் காடுகள் தீர்ந்தன. தொலைவிலிருந்து கரி கொண்டு வரச் செலவு மிகுந்தது. நிலக்கரியில் உருக்கிய இங்கிலாந்து இரும்போடு போட்டியிட இயலவில்லை. அந்த மலிவான இரும்பு வந்து குவிந்ததில் நம் சிற்றுலைகளும் அவிந்தன. இறுதியில் காடும் போயிற்று, ஆலையும் போயிற்று, கொல்லனின் கைத்திறனும் போயிற்று.

இங்கே இருவகை உரிமைகளை நாம் பிரித்துணர வேண்டும். கம்பெனி ஹீத்துக்கு அளித்தது ஏகபோகம். பிறர் அத்தொழிலில் நுழையாதிருக்க ஆட்சியாளர் போட்ட வேலி. அதற்கு ஈடாக நாட்டுக்குப் புதிய அறிவு எதுவும் கிடைக்கவில்லை. காப்புரிமையோ ஓர் ஒப்பந்தம். "கண்டதை மறைக்காமல் உலகுக்குச் சொல், ஒரு குறிப்பிட்ட காலம் அதன் பயனை நீ அனுபவி, பின்னர் அது அனைவர்க்கும் பொது" என்பதே அதன் உயிர். இந்தியாவில் இன்று அக்காலம் இருபது ஆண்டு. இரகசியம் மனிதனோடு மாயும். ஏகபோகம் பிறரை நசுக்கும். நேர்மையான ஒப்பந்தமே அறிவை வளர்க்கும்.

நம் நாட்டின் முதல் காப்புரிமைச் சட்டம், ஹீத் வழக்கு முடிந்த மறு ஆண்டாகிய 1856இல் வந்தது. விடுதலைக்குப் பின் நீதிபதி இராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையை ஒட்டி 1970இல் புதிய சட்டம் பிறந்தது. மரபறிவுக்கு எவரும் புதிதாக உரிமை கொண்டாட முடியாது என்ற விதியும் பின்னர் சேர்ந்தது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் அளிக்கப்பட்ட காப்புரிமை, நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் எதிர்ப்பால் 1997இல் நீக்கப்பட்டது. நீக்கியது எது? உணர்ச்சி முழக்கம் அன்று. பழைய ஏடுகளில் எழுதப்பட்டிருந்த சான்று. அதன் பின்னர் தொடங்கிய மரபறிவு மின்னூலகத்தில் ஆயுர்வேதமும் சித்தமும் யூனானியும் இடம்பெற்றுள்ளன. தமிழ், வடமொழி, அரபு, பாரசீகம், உருது நூல்களிலிருந்து அவை திரட்டப்பட்டன. சேலத்துக் கொல்லனுக்குக் கிடைக்காத காவல் இதுவன்றோ!

கடலூர் மாவட்டத்திலேயே மற்றோர் எடுத்துக்காட்டு உண்டு. 2025இல் பண்ருட்டிப் பலாப்பழத்துக்கும் பண்ருட்டி முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. இது தனியொருவர் சொத்தன்று. அம்மண்ணில் விளைவிப்போர் அனைவர்க்கும் உரிய பெயர். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, தலைமுறைகள் தோறும் காக்கலாம். மரத்தை வெட்டினால் பெயரும் போகும். மரம் நின்றால்தான் பெயருக்கு விலை. பறங்கிப்பேட்டை உலை காட்டைத் தின்று தன்னையும் அழித்துக்கொண்டது. பண்ருட்டியின் உரிமையோ தோப்பைக் காப்பவனுக்கே பயன் தரும். ஆயினும் சான்றிதழ் மட்டும் சோறிடாது. உழவர் ஒன்றுகூடி, தரத்தைக் காத்து, அப்பெயரைப் பிறர் திருடாதபடி விழித்திருந்தால்தான் அதன் பலன் அவர்தம் வாசலுக்கு வரும்.

இன்று வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் நிற்கிறது. ஒரு காலத்தில் இரும்பு உருகிய ஊரில் இன்று அறிவியல் வளர்வது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஆய்வுக்கூடங்களில் மட்டுமா அறிவு இருக்கிறது? மரக்கலம் கட்டிய கைகளிலும், மருந்து அரைத்த பாட்டியரிடமும், வலை பின்னிய விரல்களிலும் அது இருக்கிறது. நம் வீட்டுப் பரண்களில் அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளும் வைத்தியக் குறிப்புகளும் கரையானுக்கு இரையாகிக் கொண்டிருக்கலாம். அவற்றை எடுத்துத் தூசு தட்டிப் படிப்போம். தெரிந்த பெரியவர்களைக் கேட்டு, நாளும் பெயரும் குறித்து எழுதி வைப்போம். மூசையில் ஆவாரஞ் சுள்ளி இட்ட அந்தக் கொல்லனின் பெயரை இனி நாம் அறியப் போவதில்லை. நம் பேரப்பிள்ளைகள் நம்மைப் பற்றியும் அவ்வாறே சொல்லும்படி விட்டுவிட வேண்டாம்.