‘நான் வரேல்ல’ எண்டு சொல்ல யாரால முடிந்தது?

2020 மே 16, சனிக்கிழமை பின்னேரம் ஏழு மணி. ஊரடங்கு காலம். நாங்கள் ஆளாளுக்கு வீட்டில இருந்து போன் திரையில் டோர்ட்மண்ட் - ஷால்க மட்ச் பார்த்துக்கொண்டிருந்தோம். வழமையாக எண்பதாயிரம் பேர் கூடுகிற மைதானத்தில் அன்றைக்குச் சனம் இல்லை. பந்து காலில் படுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. ஹாலண்ட் முதல் கோலை அடித்துவிட்டுத் தள்ளி நின்று ஆடினார், கூட்டாளிகளும் தள்ளி நின்றே ஆடினார்கள். 4-0. எங்களுக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமில்லை. அதற்கு முதல் இரண்டு மாதமாக ஐரோப்பாவில் பெலாரஸ் லீக்கைத் தவிர பார்க்க ஒன்றுமே இருக்கேல்ல. பெயர் வாயில் நுழையாத அணிகளுக்கெல்லாம் நாங்கள் ஆதரவாளர்களாக மாறியிருந்தோம்!

உதைபந்தாட்டம் திரும்ப வரலாமா எண்டு அப்போது எல்லாரும் விவாதித்தார்கள். நாங்களும் இரவிரவாகக் கதைத்தோம். ஆனால் விளையாடப் போகிறவர் வேண்டாம் எண்டால் அவருக்கு என்ன நடக்கும் எண்டு நாங்கள் ஒருதரும் கேட்கேல்ல. இப்ப திரும்பிப் பார்க்கும்போது அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

கொஞ்சம் பின்னுக்குப் போவோம். கொரோனா பரவியதில் உதைபந்தாட்டத்துக்கும் பங்கு இருந்தது. பெப்ரவரி 19, மிலானின் சான் சிரோ மைதானம். அத்தலாந்தா - வலென்சியா மட்ச் பார்க்க பெர்கமோ பக்கமிருந்து நாற்பதாயிரம் பேரளவில் வந்திருந்தார்கள். சில கிழமைகளில் பெர்கமோவில் சவப்பெட்டிகளை ஏற்ற இராணுவ லொறிகள் வந்தன. வலென்சியா அணியிலும் ஊழியரிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொற்று என்று அந்தக் கழகமே அறிவித்தது. மார்ச் 11, உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்த அதே நாள், மட்ரிட்டில் இருந்து மூவாயிரம் ரசிகர்கள் லிவர்பூலின் அன்ஃபீல்ட் மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சொந்த நாட்டில் அவர்களை மைதானத்துக்குள் விடாத நேரம் அது. இரண்டு நாளில் பிரீமியர் லீக் நின்றது. அதற்கும் ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்டேட்டாவுக்குத் தொற்று வரவேண்டியிருந்தது.

பிறகு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியில் போனது. நெதர்லாந்து சம்பியனே இல்லாமல் பருவத்தை முடித்தது. பிரான்ஸ் ஏப்ரல் கடைசியில் நிறுத்தியது. ஜேர்மனி முதலில் திரும்பியது, இங்கிலாந்து பின்னால் வந்தது. இங்கிலாந்தில் 92 மட்ச் மிச்சம். ஆடாவிட்டால் தொலைக்காட்சிக் காசைத் திருப்பிக் கொடுக்கவேணும். இதற்கிடையில் ஏப்ரல் 2 அன்று சுகாதார அமைச்சர் மட் ஹன்கொக், வீரர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளவேணும் என்று நாட்டுக்கே சொன்னார். கழக முதலாளிமாரின்ட பெயர் அவருக்கு ஞாபகம் வரேல்ல போல. ஒரு கிழமைக்குள் லிவர்பூல் கப்டன் ஹென்டர்சன் முன்னின்று, வீரர்கள் தாங்களாகவே சுகாதார சேவைக்குக் காசு சேர்க்கத் தொடங்கினார்கள்.

மே மாதம் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. வொட்ஃபோர்ட் கப்டன் ட்ரோய் டீனி வரமாட்டன் எண்டார். அவரின்ட ஐந்து மாதக் குழந்தைக்கு மூச்சுப் பிரச்சினை. ஜூலை நடுப்பகுதி வரை முடி வெட்டப் போக ஏலாது, ஆனா பெட்டிக்குள்ள 19 பேரோட நின்று தலையால் பந்தை முட்டலாமா என்று கேட்டார். கறுப்பின மக்களுக்கு ஆபத்து கூட எண்டால் எங்களுக்கு வேறு பரிசோதனை உண்டா என்றும் கேட்டார். அது வெறும் பயம் இல்லை. வயதை மட்டும் கணக்கெடுத்தால் கறுப்பின ஆண்கள் கொரோனாவால் இறக்கும் சாத்தியம் வெள்ளையரைவிட நான்கு மடங்குக்கு மேல் என்று பிரித்தானியப் புள்ளிவிபர அலுவலகம் அந்த மாதம்தான் சொல்லியிருந்தது. கேட்டதற்குப் பலன், உன்ட பிள்ளைக்கும் கொரோனா வரட்டும் எண்ட சாபங்கள். பிறகு மருத்துவ அதிகாரிகளிடம் தன் கேள்விகளைக் கேட்டுப் பதில் வாங்கித்தான் அவர் திரும்பினார். செல்சியின் கன்டேயும் கொஞ்சநாள் வீட்டில் நின்றார். 2018இல் அவர் பயிற்சியில் மயங்கி விழுந்தவர், அதே வருடம் அண்ணனை மாரடைப்புக்குப் பறிகொடுத்தவர். கழகம் சரி எண்டது. உலகக் கிண்ணம் வென்ற ஆளுக்கு அப்படிச் சொல்லலாம்.

ஜேர்மனியின் இரண்டாம் பிரிவில் இருந்த டிரெஸ்டன் அணிக்கு அந்த வசதி இருக்கேல்ல. மறுதொடக்கத்துக்கு ஒரு கிழமை முன்னர் இரண்டு வீரர்களுக்குத் தொற்று. முழு அணியும் 14 நாள் தனிமைப்படுத்தலில். மற்ற அணிகள் ஆட, இவர்கள் வீட்டில். வெளியில் வந்ததும் நான்கு கிழமையில் ஒன்பது மட்ச் ஆடவேண்டிவந்தது. சம்மதமா எண்டு யாரும் கேட்டதாகத் தெரியேல்ல. ஒரு தோல்விக்குப் பிறகு கிறிஸ் லோவ எண்ட வீரர் கமராவுக்கு முன்னாலேயே கலங்கி, லீக் நிர்வாகத்துக்கு எங்களைப் பற்றி ஒரு துளி அக்கறையும் இல்லை என்ற பொருள்பட வெடித்தார். டிரெஸ்டன் கடைசி இடத்தில் முடித்து மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது.

விளையாட்டைத் திரும்பத் தொடங்கியது பிழை எண்டு நாங்கள் சொல்ல வரேல்ல. கிழமைக்கு இரண்டு முறை பரிசோதனை செய்தார்கள், ஜூன் 17 முதல் 92 மட்சையும் ஆடி முடித்தார்கள். சனத்துக்கு அது ஒரு ஆறுதல், எங்களுக்கும்தான். ஆனால் மறுக்கிற உரிமை காசும் பெயரும் உள்ளவருக்குத்தான் இருந்தது, அவருக்கும் அது சும்மா கிடைக்கேல்ல. அதைக் கவனிக்காமல் நாங்கள் கோல்களை மட்டும் எண்ணினோம்.

இன்னொரு கூட்டமும் இருந்தது. அவர்களுக்கு வரமாட்டம் எண்டு சொல்லவும் ஏலாது, வாறம் எண்டு சொல்லவும் ஏலாது. மே 25 அன்று இங்கிலாந்தின் பெண்கள் சுப்பர் லீக் நிறுத்தப்பட்டது. ஆண்களுக்குச் செய்த அளவு பரிசோதனைக்கு அங்கே காசு இல்லை. மிச்ச மட்சுகளை ஆடாமல், மட்ச் ஒன்றுக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கில் இடங்களைத் தீர்மானித்தார்கள். அட்டவணையில் ஒரு புள்ளி முன்னால் நின்ற மன்செஸ்டர் சிட்டியைத் தாண்டி செல்சிக்குக் கிண்ணம் போனது. கடைசி இடத்தில் நின்ற லிவர்பூல் பெண்கள் அணிக்கும் மேலே நின்ற பேர்மிங்ஹாமுக்கும் இடையில் ஒரே ஒரு புள்ளி. ஆட இன்னும் எட்டு மட்ச் இருந்தது. ஜூன் 5 அன்று லிவர்பூல் பெண்கள் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டார்கள்.

இருபது நாள் கழித்து, ஜூன் 25, லிவர்பூல் ஆண்கள் முப்பது வருடத்துக்குப் பிறகு லீக் சம்பியன். அன்ஃபீல்ட் வாசலில் ஆயிரக்கணக்கில் சனம். அன்றிரவு நாங்களும் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டுதான் இருந்தோம்.